‘னு’ போற இடமெல்லாம் ‘தட்’ போகாது

‘மை கைடு டோல்ட் தட் தி ப்ராஜெக்ட் இஸ் குட்.’

இந்த வரியைப் படிச்சதும் ஏதாவது உறுத்துதா? உறுத்தலைன்னா கவலைப்படாதீங்க. நம்ம பக்கத்துல பெரும்பாலானவங்களுக்கு உறுத்தாது. ரிவ்யூல, மாக் இன்டர்வியூல, கேன்டீன் வாசல்ல நாள் முழுக்கக் காதுல விழற வரிதான் இது. ஆனா ப்ளேஸ்மென்ட் டெஸ்ட்ல ‘ஸ்பாட் தி எரர்’ பகுதியில இதே மாதிரி ஒரு வரி வந்து உட்காரும். நாம அதை நாலு தடவை படிச்சுட்டு, தப்பே இல்லாத வாக்கியத்துல எதைக் காட்டச் சொல்றாங்கன்னு முழிப்போம்.

ஸ்பெல்லிங் தப்பு, டென்ஸ் தப்பு எல்லாம் படிச்சாத் திருந்திடும். இந்த ‘தட்’ தப்பு மட்டும் பன்னிரண்டு வருஷம் ஸ்கூல், நாலு வருஷம் காலேஜ் தாண்டியும் கூடவே வருது. காரணம் நமக்கு இங்கிலீஷ் தெரியாததில்ல. தமிழ் ரொம்ப நல்லாத் தெரியறதுதான். நாம ‘தட்’ சொல்ற ஒவ்வொரு இடத்துலயும் உள்ளுக்குள்ள ஓடறது தமிழ் ‘னு’. அது போற பாதையிலேயே ‘தட்’டையும் இழுத்துட்டுப் போறோம். பல இடங்கள்ல வண்டி ஓடிடும். சில இடங்கள்ல கேட்கறவங்களுக்குக் கொஞ்சம் வித்தியாசமாப் படும், அவ்வளவுதான். ஆனா மூணு நாலு இடங்கள்ல அர்த்தமே மாறி, நீங்க சொல்லாத ஒண்ணைச் சொன்னதா ஆயிடும். அந்த இடங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இங்கிலீஷ் வரிகள் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலேயே போட்டிருக்கேன். வாய்விட்டுப் படிங்க. கண்ணைவிட காதுக்குத்தான் இங்க வேலை.

‘னு’ எங்கேர்ந்து வந்துச்சு?

‘னு’ங்கறது ‘என்று’வோட பேச்சு வடிவம். ‘என்று’ பிறந்தது ‘என்’ங்கற வினையிலேர்ந்து; ‘சொல்’னு அர்த்தம். அப்போ “வரேன்னு சொன்னான்”னா, பிரிச்சுப் பார்த்தா, “வரேன், என்று சொல்லி, சொன்னான்”. நாம யார் என்ன பேசினாலும் அவங்க பேச்சை அப்படியே தூக்கி வந்து, பின்னாடி ஒரு ‘னு’ ஒட்டி, அதுக்கப்புறம் வினையைப் போடறோம். தொல்காப்பியத்தோட இடையியல் பகுதியிலேயே ‘என’, ‘என்று’ ரெண்டுக்கும் இடம் இருக்கு. பேச்சுக்குப் பின்னாடி மட்டுமில்ல, ஓசைக்கும் பண்புக்கும் பின்னாடிகூட வரும்னு அங்கேயே சொல்லியாச்சு. இன்னைக்கும் நாம “படார்னு கதவைச் சாத்தினான்”, “பளிச்னு இருக்கு”ன்னு சொல்றோமே, அதேதான். (நல்லவேளை, இந்த ‘னு’வை மட்டும் யாரும் ‘தட்’டா மாத்தறதில்ல.)

நமக்கு மட்டும் இல்ல இது. தெலுங்கு ‘அனி’, கன்னடம் ‘அந்த’, மலையாளம் ‘என்னு’, எல்லாமே சொல்ற வினையிலேர்ந்து வந்தவை, எல்லாமே பின்னாடி ஒட்டறவை. சிங்களத்துல ‘கியலா’வும் அப்படித்தான். இதைவிட சுவாரசியம், நம்ம ஊர்லேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இன்டர்ன்ஷிப் போறவங்க கொரியன், ஜப்பானிய மேனேஜர்களைப் பார்ப்பீங்க. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் ஆலை 1998-லயே கார் தயாரிக்க ஆரம்பிச்சாச்சு. கொரிய மொழியில பேச்சுக்குப் பின்னாடி ‘கோ’ ஒட்டி, கடைசியில ‘சொன்னான்’ வரும். ஜப்பானிய மொழியில அந்த இடத்துல ‘தோ’. நம்ம ‘னு’ உட்கார்ற அதே சீட்டு. அதனால நீங்க எழுதற ‘டோல்ட் தட்’ அந்த மேனேஜருக்கு உறுத்தாமலே போகலாம். அமெரிக்க கிளையன்ட்டுக்குப் போற மெயில்ல அந்தச் சலுகை கிடையாது.

‘தட்’டோட பூர்வீகம் வேற. அது ‘சொல்’லிலேர்ந்து வரலை, ‘அது’விலேர்ந்து வந்துச்சு. பழைய இங்கிலீஷ்ல “அவன் அதைச் சொன்னான்: மழை வருது”ங்கற மாதிரி கை நீட்டிக் காட்டின சொல், காலப்போக்குல அடுத்த வாக்கியத்தோட ஒட்டிக்கிச்சு. ஜெர்மன்லயும் இதே கதை. அப்போ ‘னு’ங்கறது பேச்சை மூட்டையாக் கட்டற கயிறு, ‘தட்’ங்கறது இனிமே வரப்போறதைக் காட்டற விரல். கயிறு எதை வேணா கட்டும். விரல் அப்படி இல்ல, எந்த வினை அதை நீட்டுதுங்கறதைப் பொறுத்துத்தான் வேலை செய்யும்.

ஆள் கேட்கிற வினை, ஆள் கேட்காத வினை

தமிழ்ல ‘சொல்’ ஒண்ணு போதும். “சொன்னான்”, “என்கிட்ட சொன்னான்”, ரெண்டும் சரி. ஆளைச் சொல்றதும் விடறதும் நம்ம இஷ்டம். இங்கிலீஷ் இந்த இடத்துல ரெண்டு வேலையாள் வெச்சிருக்கு. ‘டெல்’லுக்குப் பின்னாடி ‘தட்’ வரணும்னா நடுவுல ஒரு ஆள் நிக்கணும்: ‘மை கைடு டோல்ட் மீ தட்…’. ‘சே’க்கு ஆள் தேவையில்ல: ‘மை கைடு செட் தட்…’. ஆளைச் சொல்லியே ஆகணும்னா ‘டு’ போட்டுத்தான் உள்ள விடும்: ‘செட் டு மீ தட்…’. மேல முதல் வரியில இருந்த தப்பு இவ்வளவுதான். ‘மீ’ ஒண்ணு குறைஞ்சுது.

‘டெல்’ கட்சியில இன்னும் சிலர் இருக்காங்க: இன்ஃபார்ம், ரிமைண்ட், அஷ்யூர், கன்வின்ஸ். இவங்க எல்லாருக்கும் நடுவுல ஆள் வேணும். ‘ஹி இன்ஃபார்ம்ட் தட்’னு நம்ம ஊர் இங்கிலீஷ் பேப்பர்லயே பார்த்திருப்பீங்க. இந்தியாவுக்குள்ள அது ரொம்ப சகஜம். சென்னையிலேர்ந்து வர்ற எச்.ஆர். புருவத்தைக்கூடத் தூக்க மாட்டார். டெஸ்ட் பேப்பர் மட்டும் தூக்கும்.

‘சே’ கட்சி பெருசு: எக்ஸ்ப்ளெயின், மென்ஷன், சஜெஸ்ட், அட்மிட், அனவுன்ஸ், கம்ப்ளெயின். இவங்களுக்கு ஆளை நேரா ஒட்டக்கூடாது. ‘ஹி எக்ஸ்ப்ளெயின்ட் மீ தட்’ வராது, ‘எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ தட்’. இதுல ‘சஜெஸ்ட்’ ஒரு தனி இம்சை. வைவாவுல பத்துல எட்டுப் பேர் சொல்றது ‘மை கைடு சஜெஸ்டட் மீ டு சேஞ்ச் தி மோட்டார்’. இங்கிலீஷ் கேட்கறது ‘மை கைடு சஜெஸ்டட் தட் ஐ சேஞ்ச் தி மோட்டார்’. ‘தட்’டை எங்கெங்கேயோ தேவையில்லாமப் போடற நாம, தேவைப்படற இந்த இடத்துல விட்டுடறோம்.

எந்த வினை எந்தக் கட்சின்னு மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒரு சின்ன சோதனை இருக்கு. அந்த வினையை வெச்சு ‘ஐ வாஸ்…’னு ஆரம்பிச்சுப் பாருங்க. ‘ஐ வாஸ் டோல்ட் தட்’, ‘ஐ வாஸ் இன்ஃபார்ம்ட் தட்’, ‘ஐ வாஸ் ரிமைண்டட் தட்’, காதுக்கு நல்லா இருக்கா? அப்போ அது ஆள் கேட்கிற கட்சி. ‘ஐ வாஸ் செட் தட்’? ‘ஐ வாஸ் மென்ஷன்ட் தட்’? கேட்கவே சகிக்கலை இல்ல? அது மத்த கட்சி. ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் தட்’ மட்டும் நம்ம காதுக்குப் பழகிப்போச்சு, அதை வலுக்கட்டாயமா வெளிய தள்ளுங்க. ரெண்டு பக்கமும் கால் வெச்சிருக்கறவங்களும் உண்டு: ‘ப்ராமிஸ்’, ‘வார்ன்’. ஆள் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.

அடுத்தது கேள்வி. தமிழ்ல கேள்விக்குப் பின்னாடியும் ‘னு’ வரும்: “எப்ப வருவேன்னு கேட்டான்”. அதையே இழுத்துட்டு வந்தா ‘ஹி ஆஸ்க்ட் தட் வென் வில் யூ கம்’. கேள்விச் சொல் ஒண்ணு உள்ள இருந்தாலே ‘தட்’டுக்கு இடமில்ல. ‘ஹி ஆஸ்க்ட் மீ வென் ஐ வுட் கம்’, அவ்வளவுதான். “வந்தானான்னு தெரியல”ங்கற மாதிரி ஆமா-இல்லை கேள்வின்னா ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. “நீ வரணும்னு ஆசைப்படறேன்”ல இருக்கற ‘னு’வும் ‘தட்’ ஆகாது. ‘ஐ வான்ட் யூ டு கம்’. இதெல்லாம் தப்பாச் சொன்னாலும் எதிராளிக்குப் புரிஞ்சுடும். இனிமே வர்றதுதான் வம்பு.

‘ஐ’ யாரோட சொத்து?

“நான் வரேன்னு கார்த்தி சொன்னான்.”

யார் வர்றது? கார்த்திதான். தமிழ் பேசற யாருக்கும் இதுல குழப்பம் இல்ல. கார்த்தியோட பேச்சை ‘நான்’ உள்பட அப்படியே மூட்டை கட்டிட்டோம். அதே “நான் ஃபர்ஸ்ட்டுன்னு கார்த்தி சொன்னான்”னா? கார்த்தி தன்னைச் சொல்லிக்கிட்டானா, என்னைச் சொன்னானா? ரெண்டுக்கும் வழி இருக்கு. நாம குரலையும் சந்தர்ப்பத்தையும் வெச்சு சமாளிச்சுடறோம்.

இங்கிலீஷ்ல இந்த வழி அடைப்பு. ‘கார்த்தி செட் தட் ஐ வில் கம்’னு நீங்க சொன்னா, வர்றது நீங்க. கார்த்தி இல்ல. ‘தட்’ வாயிலேர்ந்து விழுந்த அடுத்த நொடியே ‘ஐ’ங்கற சொல் பேசற ஆளோட சொத்து ஆயிடுது.

இது வெறும் கிராமர் சண்டை இல்ல. உங்கள்ல நெசவுக் குடும்பத்துலேர்ந்து வர்றவங்க, காந்தி ரோடு கடைகள்ல பகுதிநேரமா வேலை பார்க்கறவங்க இருப்பீங்க. வெளிநாட்டு ஆர்டர் வந்தா இங்கிலீஷ் மெசேஜ் டைப் பண்றது யார்? வீட்டுல இருக்கற இன்ஜினியரிங் பிள்ளைதான். ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்கோங்க. வழக்கமா பட்டு, ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பார், நெசவாளர் கூலிக்கு நெய்வார். ஒரு ஆர்டருக்கு மட்டும், “ஜரிகை நானே வாங்கிக்கறேன்”னு பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சொல்றார். நீங்க வாங்கறவங்களுக்கு அனுப்பறீங்க: ‘தி வீவர் டோல்ட் தட் ஐ வில் பை தி ஜரி’. ‘டோல்ட்’ல ஆள் இல்லாததை அவங்க மன்னிச்சுடுவாங்க. ஆனா ‘ஐ’? மெசேஜ் அனுப்பின கடை ஜரிகைச் செலவை ஏத்துக்கிச்சுன்னு படிப்பாங்க. நாளைக்கு பில்லுல ஜரிகைக் காசு வந்தா, அந்த மெசேஜையே திருப்பிக் காட்டுவாங்க. எழுதி வெச்சது எழுதி வெச்சதுதானே?

சரியான வரி ‘தி வீவர் செட் தட் ஹி வில் பை தி ஜரி’. அல்லது அவரோட வார்த்தையையே வெக்கணும்னா ‘தட்’டைத் தூக்கிட்டு மேற்கோள் குறி போடுங்க. பேச்சுல மேற்கோள் குறி காதுல விழாதே? அதுக்கு இங்கிலீஷ்காரப் பசங்களே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க: ‘ஹி வாஸ் லைக், ஐ வில் பை இட்’. இந்த ‘வாஸ் லைக்’ கிட்டத்தட்ட நம்ம ‘னு’வேதான், பேச்சை அப்படியே தூக்கிட்டு வரும். நண்பர்கள்கிட்ட மட்டும் வெச்சுக்கோங்க. இன்டர்வியூல வேண்டாம்.

இந்த இடத்துல நம்ம ஆளு இங்கிலீஷைவிட ஒரு படி மேலங்கறதையும் சொல்லியாகணும். ‘ரவி டோல்ட் குமார் தட் ஹி ஹேட் ஃபெயில்ட்’. யார் ஃபெயில்? இங்கிலீஷ்ல பதில் இல்ல. ரவியா, குமாரா, வேற எவனோ ஒருத்தனா, மூணு பேருக்கும் ஒரே ‘ஹி’. தமிழ்ல “நான் ஃபெயில்னு”, “நீ ஃபெயில்னு”, “அவன் ஃபெயில்னு” மூணும் மூணு வாக்கியம். எழுத்துத் தமிழ்ல இன்னும் நேர்த்தி: “தான் தோற்றுவிட்டதாக ரவி சொன்னான்”னா ரவியேதான், சந்தேகமே இல்ல. ‘தான்’ங்கற அந்த ஒத்தைச் சொல் செய்யற வேலைக்கு இங்கிலீஷ்ல ஆளே இல்ல. அதனால ரெண்டு ‘ஹி’ மோதற இடம் வந்தா, வெட்கப்படாம பேரைத் திருப்பிச் சொல்லுங்க. ஃபெயிலியர் ரிப்போர்ட், மினிட்ஸ் மாதிரி எழுதும்போது இதை மறக்கவே கூடாது. ‘ஹி’ யாருன்னு தெரியாததால தப்பான ஆள் மாட்டிக்கக் கூடாது.

துண்டு போட்ட ‘இட்’, வதந்தி சொல்ற ‘இட்’

“நீ வந்தது நல்லதாப் போச்சு.” தமிழ்ல ‘வந்தது’ முன்னாடி வந்து கம்பீரமா உட்காருது. இங்கிலீஷுக்கு நீளமான மூட்டையை வாசல்லயே இறக்கறது பிடிக்காது. மூட்டையைக் கடைசியில வெச்சுட்டு, முன்னாடி சீட்டுல ‘இட்’ போட்டு வெச்சுடும்: ‘இட் இஸ் குட் தட் யூ கேம்’. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல சென்னை பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பாங்களே, அந்தத் துண்டுதான் ‘இட்’. துண்டுக்குத் தனியா அர்த்தம் இல்ல. பின்னாடி வர்ற ஆளுக்காகக் காத்திருக்கு. நடு வாக்கியத்துலயும் இப்படித் துண்டு போடணும்: ‘ஐ மேட் இட் கிளியர் தட்…’, ‘ஐ ஃபைண்ட் இட் ஸ்ட்ரேஞ்ச் தட்…’. நமக்கு இந்தத் துண்டு பழக்கம் இல்லாததால ‘ஐ மேட் கிளியர் தட்’னு விட்டுடறோம்.

இதே ‘இட்’டை வெச்சு நாம பண்ற இன்னொரு வேலைதான் தமிழ்நாட்டு இங்கிலீஷோட முத்திரை. ‘டுமாரோ ஈஸ் லீவ், இட் சீம்ஸ்.’

இது “நாளைக்கு லீவாம்”. அந்த ‘ஆம்’ இருக்கே, அது சாதாரண ஆள் இல்ல. “இது நான் பார்த்தது இல்ல, காதுல விழுந்தது, பொறுப்பு என்னோடது இல்ல”ன்னு ஒரே எழுத்துல கையெழுத்துப் போடற சொல். தமிழ்ல பக்கத்துலேயே இன்னொண்ணும் இருக்கு: “லீவு போல”. அது நானா ஊகிச்சது. நோட்டீஸ் போர்டுல கூட்டம், ஹாஸ்டல்ல பெட்டி கட்டறாங்க, அதனால லீவு போல. கேள்விப்பட்டதுக்கு ‘ஆம்’, ஊகத்துக்கு ‘போல’. ‘இட் சீம்ஸ்’ங்கறது முதன்மையா ‘போல’. நாம அதை ‘ஆம்’ இடத்துல தூக்கி வெச்சிருக்கோம், ‘ஆம்’ மாதிரியே கடைசியிலயும் ஒட்டிட்டோம்.

என்ன நஷ்டம்? ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைப் பத்தி வெளிநாட்டுக்காரர்கிட்ட சொல்றீங்க. நாலு கிளை, நாலு சுவையாம், 3500 வருஷமாம். ‘இட் சீம்ஸ்’ போட்டா, நீங்க இப்போ மரத்தைப் பார்த்து உத்தேசமா வயசு சொல்றீங்கன்னு கேட்கும். உங்களுக்கு வேண்டியது ‘இட் இஸ் செட் தட்…’ அல்லது ‘பீப்பிள் பிலீவ் தட்…’. ஊர் சொல்லுது, நான் சொல்லலைங்கறது அப்பதான் வரும். அதே பழக்கத்துல, கொஞ்ச தூரம் தள்ளி கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய், ராஜசிம்ம பல்லவன் கட்டினதுன்னு சொல்லும்போதும் கடைசியில ‘இட் சீம்ஸ்’ ஒட்டினா இன்னும் மோசம். கல்வெட்டே இருக்கற விஷயத்தை நீங்களே சந்தேகப்படற மாதிரி ஆயிடும்.

நம்ம ஊர்க்காரர் அண்ணா பத்தி ஒரு கதை உண்டு. ‘பிகாஸ்’ங்கற சொல் அடுத்தடுத்து மூணு தடவை வர்ற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லுங்கன்னு கேட்டாங்களாம், யோசிக்காம சொன்னாராம். எங்க நடந்துச்சுன்னு ஆளுக்கொரு இடத்தைச் சொல்வாங்க. இதை இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னா அந்த ரெண்டு ‘ஆம்’மையும் எப்படிக் கொண்டு போவீங்க? ‘தே சே தட்’, ‘தி ஸ்டோரி கோஸ் தட்’, ‘ஐ ஹேவ் ஹியர்ட் தட்’, இதுல எதுவும் சரி. ‘அப்பாரென்ட்லி’யும் சரி, அதுக்கு ‘தட்’டே வேண்டாம்.

கோயில், கதையெல்லாம் விடுங்க, ஷாப் ஃப்ளோருக்கு வாங்க. ஆபரேட்டர் உங்ககிட்ட “லைன் ரெண்டு நின்னுடுச்சு”ன்னு சொன்னார். நீங்க மேல மெசேஜ் போடறீங்க: ‘லைன் டூ ஹேஸ் ஸ்டாப்ட், இட் சீம்ஸ்’. படிக்கறவருக்கு என்ன தெரியும்? நீங்க லைன் பக்கத்துல நிக்கறீங்க, ஆனாலும் நின்னுச்சா ஓடுதான்னு உங்களுக்கே உறுதியா தெரியலை! ‘தி ஆபரேட்டர் செட் தட் லைன் டூ ஹேஸ் ஸ்டாப்ட்’னு போட்டா யாரைக் கேட்கணும்ங்கறதும் அதுலேயே இருக்கு.

டவுட்: தலைகீழாப் புரளற சொல்

எல்லாத்தையும்விட எனக்குப் பயமான சொல் இது. நம்ம வகுப்புல ‘டவுட்’னா கேள்வி. ‘சார், ஒன் டவுட்’. அது பரவாயில்ல. ஆனா ‘டவுட் தட்’னு சேர்ந்தா கவனம்.

லேப்ல சர்க்யூட் வேலை செய்யல. கெபாசிட்டர் போயிருக்கும்னு உங்களுக்குச் சந்தேகம். ‘ஐ டவுட் தட் தி கெபாசிட்டர் இஸ் ஃபால்ட்டி’னு சொல்றீங்க. இங்கிலீஷ்ல அதுக்கு அர்த்தம், “கெபாசிட்டர் போயிருக்கும்னு எனக்குத் தோணலை”. அதாவது, கெபாசிட்டர் நல்லா இருக்கு, வேற எங்கயாவது பாருங்க! நீங்க கை காட்டின இடத்தை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் கழட்டிப் பார்ப்பாங்க.

தமிழ் ‘சந்தேகம்’ ரெண்டு பக்கமும் போகும். “அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்”னா எடுத்திருப்பான். “அவன் வருவானான்னு சந்தேகம்”னா வரமாட்டான். திசையைக் காட்டறது முன்னாடி இருக்கற வினை. ‘டவுட் தட்’ ஒரே திசைதான்: நடந்திருக்காதுன்னு நினைக்கறது. நடந்திருக்கும்னு நினைச்சா ‘சஸ்பெக்ட் தட்’. ஹாஸ்டல்ல போன் காணாமப் போய் இங்கிலீஷ்ல புகார் எழுதறவங்க இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா, குத்தம் சாட்ட நினைச்ச ஆளுக்கே நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்த மாதிரி. பழைய இங்கிலீஷ்ல ‘டவுட்’டுக்கு ‘அப்படித்தான் இருக்குமோன்னு அஞ்சறது’ங்கற அர்த்தமும் இருந்துச்சு. நாம ஒருவகையில அந்தப் பழைய கட்சி. ஆனா படிக்கப் போறவங்க இந்தக் காலத்து ஆட்கள்.

கடைசியா, ‘தட்’டைத் தூக்கிப் போடறது. தமிழ்ல ‘னு’வை விட முடியாது, “வரேன் சொன்னான்”னு யாரும் பேசறதில்ல. அதனால இங்கிலீஷ்லயும் ஒவ்வொரு ‘திங்க்’குக்கும் ‘சே’க்கும் ‘தட்’ போட்டுட்டே போறோம். பேச்சுல ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’, ‘ஷி செட் ஷி வாஸ் டயர்ட்’ போதும், அதுதான் இயல்பு. ரிப்போர்ட்டுல விடாதீங்க. நடுவுல ‘எஸ்டர்டே’ மாதிரி ஒரு சொல் புகுந்துட்டா பேச்சுலயும் விடாதீங்க. ‘ஹி செட் எஸ்டர்டே ஹி சென்ட் தி ஃபைல்’னு எழுதினா நேத்து சொன்னதா, நேத்து அனுப்பினதான்னு புரியாது. ‘எஸ்டர்டே’க்குப் பின்னாடி ஒரு ‘தட்’ வந்தா நேத்து சொன்னது. முன்னாடி வந்தா நேத்து அனுப்பினது.

கீழ மூணு வரி இருக்கு. பஸ்ல போகும்போது இங்கிலீஷ்ல மாத்திப் பாருங்க.

“எந்த சென்சார் போடலாம்னு கைடுகிட்ட கேட்டேன், பழையதே போதும்னு சொன்னார்.”

“பேட்டரிதான் சூடாகுதுன்னு எனக்குச் சந்தேகம்.”

“சேலை லேட்டாச்சுன்னா நானே பணத்தைத் திருப்பித் தரேன்னு நெசவாளர் சொன்னாராம்.”

மூணாவதை எழுதறதுக்கு முன்னாடி, பணம் யார் தரணும்னு ஒரு தடவை நல்லாப் பார்த்துக்கோங்க.